உங்கப்பாவின் காதும் மாமாவின் விசிறிவாலும்

சைலஸ் கிரீக், மிசௌரி
மே 4, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கப்பா, நாய், பதினோரு கோழிகள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் மாமா கார்லண்டும் உயிரோடுதான் இருக்கிறான், அவனை மட்டும் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். நீயும் மாப்பிள்ளை நோலனும் பெர்த்தில் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அங்கே இனிமேல்தான் குளிர் தொடங்கும் என்று மாப்பிள்ளை சொன்னார், மே மாதத்தில் குளிர் தொடங்குகிற நாட்டில் என் மகள் குடித்தனம் பண்ணுகிறாள் என்பதை என் மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்தவள் டியூட்டியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் தலையாட்டாதே, ஒருதடவை சரி என்றால் அப்புறம் உன் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இங்கே டாக்வுட் மரமெல்லாம் பூத்துக் கொட்டிவிட்டது. காளான் இந்த வருஷம் நன்றாக வந்தது, ஓடைக்கரையில் மட்டும் இரண்டு கூடை பறித்தேன், வெண்ணெயில் வதக்கி வைத்தால் உங்கப்பா தட்டைத் துடைத்துத் தின்கிறார், நன்றாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வராது.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் பேச வேண்டுமானால் சிக்னலுக்காகக் கூடத்து ஜன்னலோரம் போய் நிற்க வேண்டும், உங்கப்பாவின் நாற்காலி அங்கேதான் கிடக்கிறது. அவர் காதில் விழாது என்று தெரிந்தும், அவருக்கு முன்னால் நின்று அவர் காதைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஆமாம், காதுதான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீ போனில் என்னிடம் "அப்பாவுக்குக் காது சரியா கேக்குதாம்மா, நான் ஒண்ணு கேட்டா அவர் வேற ஒண்ணு சொல்றாரு" என்று கேட்டாய். "அவருக்குப் பாம்புக்காது, உன் லைன்தான் சரியில்ல" என்று நான் சொன்னேன். அது பொய். வாய் கூசாமல் சொன்ன பொய். நீ ஒரு நர்ஸ், உன்னிடமே சொன்னேன் பார். அந்தப் பொய்யை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே நீ அங்கிருந்தே அதட்டி அவரை டாக்டரிடம் போக வைத்திருப்பாய். காட்டாததால் பத்து நாளைக்கு முன்னால் நம் குடும்பத்தில் ஒரு சாவு விழப் பார்த்தது. அதை உனக்கு ஒன்றுவிடாமல் எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அவருக்குக் காது போகத் தொடங்கி இரண்டு குளிர்காலம் ஆகிறது. நாற்பது வருஷம் வேட்டைக்கு வழிகாட்டியாகப் போய்க் காதுக்குப் பக்கத்திலேயே அடுத்தவன் துப்பாக்கி வெடித்தால், மீதி நேரத்தில் மரம் அறுக்கிற மிஷினோடு குடும்பம் நடத்தினால், காது என்ன இரும்பிலா செய்தது. இடது காது சுத்தமாக அவுட். வலது காதில் பாதி இருக்கும். ஆனால் ஆர்லிஸ் டகெட் அதை ஒப்புக்கொள்கிற ஆளா. அவருக்குக் கேட்காததெல்லாம் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு "இப்பல்லாம் பக்கிக்குருவியே வர்றதில்ல ட்வைலா, மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க" என்று உச்சுக்கொட்டினார். அந்தப் பக்கிக்குருவி எங்கள் தலைக்கு மேலே கூரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நானும் ஆமாம் என்றேன். இந்த வசந்தத்தில் பழி வான்கோழிச் சேவல்களின் மேல் விழுந்தது. "இந்த வருஷம் சேவலுங்க வாயே திறக்கல, சர்ச்சுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்குதுங்க" என்று கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற வழிகாட்டிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் இந்த வருஷம் சேவல்கள் போடுகிற கூச்சலில் எனக்கு அடுப்படியில் ஒரு கப் காபி ஆறுவதற்குள் ஏழு தடவை கேட்டுவிடுகிறது. வான்கோழி வேட்டை காதால் செய்கிற வேலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் சேவல் எந்த மரத்திலிருந்து கத்துகிறது என்று கேட்டு, அதற்கு நேராக வாடிக்கையாளரை மரத்தடியில் உட்காரவைத்து, பெட்டையின் குரலில் கூப்பிட்டு அதை வரவழைக்க வேண்டும். காது கேட்காதவர் கையில் வாடிக்கையாளர், வாடிக்கையாளர் கையில் துப்பாக்கி. இருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷத்து முதல் வாடிக்கையாளர் சிகாகோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், பெயர் வின்ஸ்லோ. மூன்று நாள் வேட்டைக்கு வந்தவர் வண்டியிலிருந்து சாமான் இறக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. போட்டிருந்த மேலுடுப்பில் பதினேழு பை, ஒவ்வொன்றிலும் ஒரு கருவி, எது வேண்டுமானாலும் மற்ற பதினாறையும் திறந்து பார்த்த பிறகுதான் கிடைக்கும். உடம்பெல்லாம் இலை தழை அச்சடித்த துணி, அதற்குமேல் சென்ட், பக்கத்தில் போனால் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. கழுத்தில் ஒரு சிவப்புக் கைக்குட்டை வேறு. "வான்கோழிச் சேவலோட தலை என்ன நிறம் டாக்டர்" என்று கேட்டேன். "சிவப்பு, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் நீலம்" என்று ஒப்பித்தார். "அப்ப அடுத்த சரிவுல உக்காந்திருக்கிறவன் புதருக்குள்ள உங்க கழுத்தைப் பாத்தா என்னன்னு நினைப்பான்" என்றேன். முகம் வெளுத்துப்போய் அவிழ்த்துக் கொடுத்தார், இப்போது அதை வைத்துத்தான் அடுப்பிலிருந்து தட்டு இறக்குகிறேன். என் சாஸேஜ் கிரேவியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு ஓட்ஸ் பால் இருக்குமா என்று கேட்டார். "ஓட்ஸ்ல பால் கறக்க எங்க யாருக்கும் தெரியாது டாக்டர்" என்று சொன்னேன். விடிவதற்கு முன்னால் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று உங்கப்பா சொன்னதற்கு, "ஒன்பது மணிக்கு மேல வர்ற வான்கோழி ஏதாவது இருக்குமா மிஸ்டர் டகெட்" என்று அந்த மனுஷன் நிஜமாகவே கேட்டார். உங்கப்பாவுக்கு அது எங்கே கேட்டது, "ஆமாமா, நல்ல கனமான சேவல்தான்" என்றார். டாக்டருக்குத் திருப்தி. உங்கப்பாவுக்கும் திருப்தி.

இப்போது உன் மாமா விஷயம். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிலம், இந்தப் பக்கம் நம் நிலம், இரண்டு பேருக்கும் ஒரே தொழில், ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எதற்கு என்று கேட்டால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். கவுண்டி சந்தையில் வான்கோழி மாதிரி கத்துகிற போட்டியில் உன் மாமா நடுவராக உட்கார்ந்தான். நடுவர்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவார்கள், யார் கத்துகிறார்கள் என்று தெரியக்கூடாது. உங்கப்பாவுக்கு மூன்றாம் இடம் கொடுத்துவிட்டான். முதலிடம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு. "திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது மச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்" என்பது மாமாவின் கட்சி. "முப்பது வருஷமா கேட்ட குரல் தெரியாமப் போகுமா, வேணும்னே பண்ணினான்" என்பது உங்கப்பாவின் கட்சி. இதற்காக ஆறு நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தை நான் இரண்டு வீட்டுக்குமாக இரண்டு தடவை சமைத்தேன். வான்கோழியைத் தின்று தீர்க்க வேண்டிய வயதில் வான்கோழிக்காகச் சண்டை.

முதல்நாள் காலை உங்கப்பாவும் டாக்டரும் மேட்டு வேலி ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். சேவல் இடது பக்கம், ஓடைக்கு அப்பாலிருந்து கத்தியிருக்கிறது. டாக்டருக்கே அது கேட்டு, கையை அந்தப் பக்கம் நீட்டியிருக்கிறார். உங்கப்பாவுக்கு இடது காது இல்லாததால் எந்தச் சத்தமும் வலது பக்கத்திலிருந்துதான் வரும். "அது எதிரொலி டாக்டர், இந்த மலை இப்படித்தான் புது ஆளுங்களை ஏமாத்தும்" என்று அவரை அடக்கி, வலது பக்கம் வேலியைப் பார்க்க உட்காரவைத்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் உன் மாமா தனியாகத் தனக்கென்று ஒரு சேவல் அடிக்க வந்திருந்தான். உங்கப்பா கோழிக்குரல் எழுப்புகிற ரப்பர் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பெட்டைக் குரல் கொடுத்தார். அந்தப் பக்கம் மாமாவும் பெட்டைக் குரல் கொடுத்தான். கத்துவது கோழியா, மனுஷனா என்று இந்த மலையில் இருக்கிற எந்த வழிகாட்டிக்கும் மூன்றாவது சத்தத்தில் தெரிந்துவிடும். உங்கப்பாவுக்கு அந்த மெல்லிய வித்தியாசம் எப்போதோ போய்விட்டது. மாமாவுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு அவன் பிறகு ஒரு காரணம் சொன்னான், அதைக் கடைசியில் எழுதுகிறேன். எதிரே ஒரு வாயாடிப் பெட்டை இருக்கிறாள், அவள் பின்னால் சேவல் இருக்கும், அவளைச் சீண்டிவிட்டால் சண்டைக்குக் கிளம்பி வருவாள், சேவலும் பின்னாலேயே வரும் என்பது நம் தொழிலில் எல்லோரும் செய்கிற வித்தை. இரண்டு பேரும் அதே வித்தையை ஒருவர்மேல் ஒருவர் பிரயோகித்தார்கள். ஐம்பது நிமிஷம். அறுபத்தைந்து வயசு உங்கப்பாவும் அறுபத்தொரு வயசு மாமாவும் வேலிக்கு இரண்டு பக்கமும் குந்திக்கொண்டு பெட்டைக்கோழிகளாக ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். ஆறு வருஷமாகப் பேசாததையெல்லாம் அந்த ஐம்பது நிமிஷத்தில் பேசித் தீர்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நிஜச் சேவல் இந்த வம்பைக் கேட்டுவிட்டு அடுத்த கவுண்டிக்கே போயிருக்கும்.

கடைசியில் மாமாவுக்குத்தான் பொறுமை போயிற்று. காயவைத்த வான்கோழி விசிறிவால் ஒன்றை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து வந்தான். வேற்றுச் சேவல் வாலை விரித்துக்கொண்டு வருவதாக நினைத்து அந்தப் பக்கத்துச் சேவல் கோபத்தில் ஓடிவரும் என்று கணக்கு. இதைவிட ஆபத்தான காரியம் கிடையாது என்று தன் வாடிக்கையாளர்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பவனும் அவன்தான். சொந்த நிலம், பக்கத்தில் ஆள் இல்லை என்ற தைரியம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓக் மரத்தடியில் வாலை விரித்துக்கொண்டு ஒரு சேவல் வருகிறது. சருகுமேல் ஒரு ஆள் வயிற்றால் ஊர்கிற சத்தமும் வான்கோழி நடக்கிற சத்தமும் ஒன்றா, காது இருந்தால் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும். உங்கப்பா டாக்டரின் முழங்கையைத் தட்டி "சுடுங்க" என்றார். டாக்டர் குறிபார்த்து விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

ஏன் தெரியுமா. அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்ததும் "சத்தம் போடாம தோட்டா போடுங்க" என்று உங்கப்பா சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்ன சொல் தட்டாதவர். தோட்டாக்களைத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் தள்ளிவிட்டார், ஒன்றை மேலே ஏற்றப் பிடியை இழுத்தால் சத்தம் வரும் என்று ஏற்றாமலே வைத்துக்கொண்டார். மற்ற வருஷங்களில் அந்தச் சத்தம் கேட்டால்தான் வாடிக்கையாளர் தயார் என்று உங்கப்பா எடுத்துக்கொள்வார், கேட்காவிட்டால் திரும்பி முறைப்பார். இந்த வருஷம் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பதினேழு பை வைத்திருந்த ஒரு மண்டூகத்துக்குத் தோட்டா ஏற்றத் தெரியாததால் என் கூடப்பிறந்தவன் இன்று நடமாடுகிறான். நான் தினமும் ஜெபத்தில் அந்தப் பல் டாக்டரின் பெயரைச் சொல்கிறேன், சொல்லும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. இருபது தப்படி தள்ளி இருந்த மாமாவுக்கு அந்த டிக் கேட்டுவிட்டது. தோளோடு தோள் உட்கார்ந்திருந்த உங்கப்பாவுக்குக் கேட்கவில்லை, "என்ன டாக்டர் யோசிக்கிறீங்க, சுடுங்க" என்று இரண்டாவது தடவை சொல்லியிருக்கிறார். மாமா வாலைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு எழுந்து நின்றான். அவன் அப்போது சொன்னதை நான் எழுத முடியாது, நீ உன் மாமாவோடு மீன்பிடிக்கப் போனவள், ஊகித்துக்கொள்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியாது. வீட்டுக்கு வந்த இரண்டு பேரும் பூனை மாதிரி வந்து சாப்பிட்டார்கள். ஊர்க் காபிக்கடையில் டாக்டர் வேறு கதை சொன்னார். புதரில் ஏதோ அசைந்ததாம், இவருடைய கழுகுக் கண்ணுக்கு அது மனுஷன் என்று தெரிந்ததாம், விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாராம். "அந்த நேரத்துல பதட்டப்படாம இருந்தேன், அவ்வளவுதான்" என்று அடக்கமாக வேறு சொன்னாராம். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து "நல்ல நிதானமான ஆளு" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். உன் மாமா அடுத்த மேஜையில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

இரண்டாம் நாள் நல்ல மழை, வேட்டை இல்லை. டாக்டர் தூங்கினார், உங்கப்பா கொட்டகையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். மாமா நம் வீட்டுப் படியேறினான், ஆறு வருஷத்துக்குப் பிறகு. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்து நின்றான், உள்ளே வா என்றால் வரவில்லை. நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லி முடித்துவிட்டு "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மச்சானுக்குக் காது கேக்குதா" என்றான். நீ கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். "நான் வேட்டைத்துறை ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லலாம். சொல்லமாட்டேன், நீ இருக்க. ஆனா நாளைக்கும் மச்சான் அந்த ஆளைக் கூட்டிட்டுப் போவாரு. அந்த ஆளும் ஒருநாள் தோட்டா ஏத்தக் கத்துக்குவான்" என்றான். மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பு உங்கப்பாமேல் பாதி, என்மேல் பாதி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் தெரிந்தும் இரண்டு வருஷம் ஆமாம் போட்டவள் நான்தானே.

அன்று சாயங்காலம் வேலியோரம் நடந்ததை உங்கப்பாவிடம் கேட்டேன், அவர் முகத்துக்கு நேராக நின்று. "காத்து மாறிடுச்சு, அதான்" என்றார். "நாளைக்கு டாக்டரைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றேன். "ஆர்லிஸ் டகெட் வாக்குக் குடுத்துட்டு வாபஸ் வாங்கினான்னு சிகாகோ வரைக்கும் பேசணுமா" என்றார். சிகாகோவில் இவரைப் பற்றிப் பேசத்தான் ஜனங்கள் காத்துக்கிடக்கிறார்கள். சரி, நானும் வருகிறேன் என்றேன். "நீயா, நீ ஒரு தும்மல் போட்டா மூணு மைலுக்குக் கேக்கும்" என்றார். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, டாக்டருக்குப் பசி தாங்காது, பிஸ்கட் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடமிருந்து தோட்டாக்களை எல்லாம் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "நான் என் கண்ணால பாத்தப்புறம்தான் தருவேன்" என்றேன். பல் டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

மூன்றாம் நாள் அதே மேட்டில் உட்கார்ந்தோம், நான் உங்கப்பாவுக்குப் பின்னால். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் நான் வேட்டைக்குப் போனது அதுதான் முதல் தடவை, உண்ணி ஏறினதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். சேவல் கத்தியது, இடது பக்கம் ஓடைக்கு அந்தப் பக்கம். அவர் வலது பக்கம் திரும்பினார். நான் அவருடைய இடது தோளைத் தொட்டேன். முதுகு விறைத்தது. அப்புறம் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பெட்டைக் குரலில் கூப்பிட்டார். அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன் கெண்ட்ரா. அவருக்கே கேட்காத அந்தக் குரலை அவர் எடுத்த விதத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சேவல் பதில் சொன்னது, நான் தோளைத் தொட்டேன், அவர் கூப்பிட்டார். இப்படி நாலைந்து தடவை. பிறகு சத்தமே இல்லை. அந்தத் திருட்டுச் சேவல் வாயை மூடிக்கொண்டு ஓடையைத் தாண்டி, மேட்டைச் சுற்றி, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத பக்கமாக வந்து பதினைந்து தப்படியில் நின்றது. நின்று கத்தியது பார், என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பைக்குள் கையை விட்டேன். உங்கப்பா இன்னும் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசுவதாக நினைத்து, சந்தையில் விலை கேட்கிற குரலில் "என்ன ட்வைலா, போயிடுச்சா" என்று கேட்டார்.

சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்து போயிற்று. அப்போதுதான் அவர் பார்த்தார். அது எங்கிருந்து எழும்பியது என்று பார்த்தார், டாக்டர் முகத்தைப் பார்த்தார். "கத்திச்சா" என்று கேட்டார். டாக்டர்தான் "கத்திச்சு மிஸ்டர் டகெட், எனக்குப் பல்லெல்லாம் ஆடிடுச்சு" என்றார், பிறகு காபி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, வண்டியில் என்னவோ மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அந்த ஆளை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கிறேன், அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு ஜென்மத்துக்கும் ஓட்ஸ் பால் கறந்து கொடுக்கலாம்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் என் வாயைப் பார்க்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார். "உனக்கு எப்ப இருந்து தெரியும்" என்று கேட்டார். இரண்டு குளிர்காலமாக என்று விரலைக் காட்டினேன். "எனக்கும் அப்ப இருந்துதான் தெரியும்" என்றார். தெரிந்துதான் இவ்வளவும் செய்தாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் நடையை கிண்டல் பண்ணுவ, என் குறட்டையை கிண்டல் பண்ணுவ, எங்க அம்மா சமையலை அவங்க செத்தப்புறமும் கிண்டல் பண்ணின. காதை மட்டும் நீ ஒருதடவைகூட தொடல. பக்கிக்குருவி வரலன்னு சொன்னேன், ஆமாம்னு சொன்ன. நீ எதுக்காச்சும் ஆமாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல ட்வைலா. அன்னைக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இவளே வாயை மூடிக்கிட்டான்னா, இது ரொம்பப் பெரிசு, இதுக்குமேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைச்சேன்." நான் அழுதேன். அவரும் அழுதிருப்பார், மூஞ்சி முழுக்கப் பச்சைச் சாயம் பூசியிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்தது சுருக்கம்தான். கீழே இறங்கிப்போய் டாக்டரிடம் "அன்னைக்கு சுடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னது நான்தான், தப்பு என்னுது, இனி நான் யாரையும் கூட்டிட்டுப் போறதா இல்ல" என்று சொன்னார். மத்தியானம் வேலியைத் தாண்டி மாமா வீட்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன், அடிதடி ஆனால் பிரிக்க ஆள் வேண்டுமே. "மாப்ள, எனக்குக் காது கேக்கல. உன்னைச் சுடச் சொல்லிட்டேன்" என்றார். மாமா பூட்ஸைப் பார்த்துக்கொண்டே என்னவோ முணுமுணுத்தான். உங்கப்பா வலது காதைத் திருப்பினார். மறுபடி சொன்னான், விழவில்லை. மூன்றாவது தடவை மாடுகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான், "அது மச்சானோட குரல்னு எனக்குச் சத்தியமா தெரியாது, அசல் பெட்டைன்னு நினைச்சுத்தான் வயித்தால ஊர்ந்து வந்தேன்". உங்கப்பாவுக்கு இது நன்றாகவே கேட்டது, இருந்தாலும் நாலாவது தடவை சொல்லச் சொன்னார். இந்த சீசனில் மீதி இருந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் மாமாவிடமே அனுப்பிவிட்டார், கூடவே, அவன் கூப்பிட்டால் சீக்குப் பிடித்த கோழி மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். இப்போது காலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நாலு மணிக்கு எழுந்து உடுத்திக்கொண்டு, எங்கும் போகாமல் வராந்தாவில் உட்காருகிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை ஸ்ப்ரிங்ஃபீல்டில் காது டாக்டரைப் பார்க்கப் போகிறோம், மாமாதான் வண்டி ஓட்டுகிறான். கருவி மாட்டினால் எவ்வளவு திரும்பி வரும் என்று தெரியவில்லை, இடது காதுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னாலும் சொல்வார்கள். உனக்குத் தெரிந்ததை எழுது, அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு தாளில் குறித்து அனுப்பு. பொய் சொன்னதற்கு அம்மாவை மன்னித்துவிடு, மனதில் வைத்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் தம் கைக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தச் செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணுவாய், பண்ணாமல் இருக்கமாட்டாய். பாவம் அப்பா என்று குரலைக் குழைக்காதே, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசாதே. வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணு, செவிட்டுக் கிழவா என்று கூப்பிடு, நானும் இங்கே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் அன்பாகப் பேச ஆரம்பித்தால் அந்த மனுஷன் பயந்துவிடுவார்.

அன்பு முத்தங்களோடு,
உன் அம்மா,
ட்வைலா டகெட்